எண்பது சதவீதம் என்பது திட்டம் அல்ல

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் அறியப்படும் ஊர்; 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே யாதவப் பிரகாசர் என்ற ஆசிரியர் வேதாந்தம் கற்பித்து வந்தார் என்றும், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார் என்றும் வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ஆசிரியர் சொன்ன பொருளை மாணவரால் ஏற்க முடியவில்லை. கருத்து வேறுபாடு முற்றியது. படிப்பு பாதியில் நின்றது.

அதே நூல்கள் சொல்லும் அடுத்த காட்சி ஸ்ரீரங்கத்தில் நடக்கிறது. ஆளவந்தார் என்ற வைணவ ஆசாரியரைப் பார்க்கக் காஞ்சியிலிருந்து போன ராமானுஜரால், அவருடைய உயிரற்ற திருமேனியைத்தான் பார்க்க முடிந்தது. கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று விருப்பங்கள் அவை என்று புரிந்துகொண்ட ராமானுஜர், கூடியிருந்தவர்கள் முன்னிலையில் மூன்று வாக்குறுதிகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் நிமிர்ந்தது என்கிறது மரபு.

விரல் நிமிர்ந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்த மூன்று வாக்குறுதிகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ‘சமயத்தை வளர்ப்பேன்’ என்று அவர் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுவது ஒன்று. பராசரர், வியாசர் பெயர்கள் நிலைக்கச் செய்வது இன்னொன்று. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு விளக்கம் கிடைக்கச் செய்வது மூன்றாவது. முடிந்ததா இல்லையா என்று வெளியாள் ஒருவரே பார்த்துச் சொல்லிவிடலாம். உரை ‘ஸ்ரீபாஷ்யம்’ ஆக வந்தது. சீடர் கூரத்தாழ்வானின் மகனுக்குப் பராசர பட்டர் என்று பெயர் வைக்கப்பட்டது. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ‘ஆறாயிரப்படி’ எழுதினார். ஒன்றும் ஒரே வருடத்தில் முடிந்த வேலை இல்லை.

இன்று அதே வட்டாரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் கல்லூரி போகும் பிள்ளைகளிடம், முதலாண்டு அறிமுக வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து ‘உங்கள் இலக்கை எழுதுங்கள்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் என்ன எழுதப்படும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். ‘நன்றாகப் படிக்க வேண்டும்.’ ‘80 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டும்.’ ‘குரூப் 4 பாஸ் பண்ண வேண்டும்.’ ‘இங்கிலீஷ் சரளமாகப் பேச வேண்டும்.’ எழுதிய தாள் கோப்புக்குள் போய்விடும். முதல் செமஸ்டர் முடிவு வரும்போது அந்தத் தாள் யார் நினைவிலும் இருக்காது.

இந்த இடத்தில் ஊக்கப் பேச்சாளர்கள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள். 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், மீதி 97 சதவீதம் பேர் சேர்த்த சொத்தைவிட அந்த 3 சதவீதம் பேரின் சொத்து அதிகமாம். சில மேடைகளில் யேல், ஹார்வர்டு ஆகிவிடும், வருடமும் மாறும். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு யேல் ஆவணங்களில் அதன் சுவடே கிடைக்கவில்லை. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணிடம் ‘எழுதினால் நடக்கும்’ என்று சொல்லி அனுப்புவது அவளுக்குச் செய்யும் அநியாயம். நடக்காதபோது அவள் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வாள்.

உண்மையில் நடந்த ஆய்வுகள் அந்தக் கட்டுக்கதையைவிடச் சுவையானவை.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று சொல்வதைவிட, கடினமான, குறிப்பான ஓர் இலக்கைச் சொன்னால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆய்வுக்கூடத்தில் கண்டது வெளியே செல்லுமா என்று சோதித்தவர் கேரி லேதம். ஓக்லஹோமாவில் வெட்டிய மரங்களை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டு ஓடின. ‘நன்றாக ஏற்றுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தும் பயன் இல்லை. ‘94 சதவீதம்’ என்று ஒரு எண்ணைச் சொன்னார்கள். கூலியைக் கூட்டவில்லை. சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தை ஒட்டி வந்து, அங்கேயே நின்றது. லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-இல் இதை வெளியிட்டார்கள். இலக்கு பற்றிப் பேசுபவர்கள் பலரும் இந்த லாரிகளைக் குறிப்பிடுகிறார்கள்.

அப்படியானால் ‘80 சதவீதம்’ என்று எழுதிய மாணவியும் சரியாகத்தானே செய்தாள்? எண் இருக்கிறது, கடினமாகவும் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லாரி ஓட்டுநருக்கு மரம் ஏற்றத் தெரியும். எத்தனை கட்டை கூடுதலாக வைத்தால் எடை எவ்வளவு ஏறும் என்பது கைக்கே பழகிய கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, பி.எஸ்சி. வேதியியலை ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்கு எதை எவ்வளவு செய்தால் மதிப்பெண் ஏறும் என்பதே தெரியாது. ரூத் கேன்ஃபர், பிலிப் அக்கர்மேன் இருவரும் அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கணினியில் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். வேலை பிடிபடாத ஆரம்ப கட்டத்திலேயே ‘இவ்வளவு எடுக்க வேண்டும்’ என்று இலக்கு வைத்தபோது, பயிற்சியாளர்களின் செயல்திறன் குறைந்தது. வேலை பிடிபட்ட பிறகு வைத்த இலக்கு உதவியது. 1989-இல் வந்த முடிவு இது. புரியாத வேலையைப் புரிந்துகொள்ளவே மனத்தின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. மதிப்பெண் பற்றிய கவலை அதில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆகவே முதல் செமஸ்டரில் அந்தப் பிள்ளைக்கு ஏற்ற இலக்கு வேறு மாதிரி இருக்க வேண்டும். ‘இந்த வாரம் வகுப்பில் வந்த புதுக் கலைச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதிவிடுவேன்.’ ‘ஐந்து மார்க் கேள்விக்கு என்ன எழுதினால் முழு மார்க் போடுகிறார்கள் என்று சீனியர் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.’ மதிப்பெண்ணுக்கு முன்னால் கற்றுக்கொள்வதற்கான இலக்கு. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கற்றல் இலக்கு என்றே தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

இதைவிட நேரடியான ஆய்வு 2020-இல் வெளிவந்தது. டேமன் கிளார்க், டேவிட் கில், விக்டோரியா பிரௌஸ், மார்க் ரஷ் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஏறக்குறைய 4,000 மாணவர்களிடம் நடத்தியது. சிலரிடம் ‘இந்தப் பாடத்தில் என்ன கிரேடு எடுக்கப்போகிறாய்?’ என்று கேட்டு இலக்கு வைக்கச் சொன்னார்கள். வேறு சிலரிடம் ‘எத்தனை மாதிரித் தேர்வு எழுதப்போகிறாய்?’ என்று கேட்டார்கள். கிரேடு இலக்கு வைத்தவர்களின் தேர்ச்சியில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. மாதிரித் தேர்வின் எண்ணிக்கையை இலக்காக வைத்தவர்கள் அதிகத் தேர்வுகளை எழுதிப் பார்த்தார்கள். அவர்களுடைய இறுதி மதிப்பெண்ணும் உயர்ந்தது.

காரணத்தை யோசித்தால் எளிதாகவே விளங்கும். மதிப்பெண் வேறொருவர் கையில் இருக்கிறது. கேள்வித்தாள், திருத்துபவர், தேர்வன்று உடல்நிலை எல்லாம் அதில் உண்டு. இன்று சாயங்காலம் போன வருடக் கேள்வித்தாளில் ‘பி’ பிரிவை எழுதிப் பார்ப்பது முழுக்க அந்த மாணவியின் கையில். காஞ்சிபுரம் பகுதியின் கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்பது அங்கே பழகிய பிரிப்பு. அந்த 25-க்குள் அசைன்மென்ட், செமினார், வருகைப்பதிவு என்று செய்தால் கிடைத்துவிடும் மதிப்பெண்கள் கணிசம். ‘80’ என்ற எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இவற்றைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

செய்ய வேண்டியது தெரிந்தும் செய்யாமல் விடுவது அடுத்த சிக்கல். ‘எக்ஸாம் டைம்ல உட்கார்ந்து படிச்சிக்கலாம்’ என்பது காஞ்சிபுரத்துக்கு மட்டும் சொந்தமான வசனம் இல்லை. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு நடுவே யார் எழுதுவார்கள்? மாணவர்களில் பாதிப் பேரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவாய் என்று இப்போதே குறித்துக் கொடு. குறித்துக் கொடுக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நேரத்துக்குள் எழுதினார்கள். குறித்துக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தார்கள். இந்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. 2006-இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இதுபோன்ற 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ‘எப்போது, எங்கே’ என்று முடிவு செய்வது நன்றாகவே வேலை செய்கிறது என்று தெரிந்தது.

இது ஏன் வேலை செய்கிறது? ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தச் சூழ்நிலை வந்ததும் மனம் தானாகவே வேலையை நினைவுபடுத்துகிறது. படிக்கலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் தனக்குள்ளேயே பஞ்சாயத்து நடத்த வேண்டியதில்லை. திருப்புட்குழியிலிருந்து கல்லூரி போய்வரும் ஒரு பெண் ‘தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்’ என்று தீர்மானிப்பதும், ‘சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும், டிவி போடுவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து இன்றைய நோட்ஸைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன்’ என்று தீர்மானிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எதற்கு அடுத்து எது என்பது இருக்கிறது. ‘அம்மா தண்ணி பிடிக்கக் கூப்பிட்டால், திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து தொடர்வேன்’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எது குறுக்கே வரும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்த இடையூறைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

இடையூறுகளைக் கணக்கில் எடுப்பதில் மனிதர்கள் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று ரோஜர் பியூலரும் அவர் சகாக்களும் கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள்; 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். படுமோசமான கணிப்பையே நிஜம் தாண்டிவிட்டது. 1994-இல் வந்த இந்தக் கட்டுரை, டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் முன்பே பெயர் சூட்டியிருந்த ‘திட்டமிடல் மயக்கம்’ என்பதற்கு எண்களால் உருவம் கொடுத்தது.

தன் வேலையைக் கணிக்கும்போது மட்டும்தான் இந்த மயக்கம். அடுத்தவர் எத்தனை நாள் எடுப்பார் என்று கேட்டால் தாராளமாகவே நாள் கொடுக்கிறார்கள். ஆகவே ‘எனக்கு எத்தனை நாள்?’ என்று கேட்பதை விட்டு, ‘போன செமஸ்டரில் இதே மாதிரி ஒரு யூனிட்டை முடிக்க உண்மையில் எத்தனை நாள் ஆனது?’ என்று கேட்டால் விடை சரியாக வரும். அதற்குப் போன செமஸ்டரில் குறித்து வைத்திருக்க வேண்டும். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போதும்: நினைத்த நாள், ஆன நாள்.

தேர்வு நெருங்கும்போது மட்டும் வேகம் வருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மைசூரில் ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்தில் சுப்ரீத் கவுர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் செய்த ஆய்வு வேறு விதமாகப் பேசுகிறது. சம்பள நாள் நெருங்க நெருங்க ஊழியர்களின் வேலை கூடியது. தள்ளி இருக்கும் நாட்களில் குறைந்தது. பிறகு அவர்களுக்கு ஒரு விசித்திரமான வாய்ப்பைக் கொடுத்தார்கள். விரும்பினால் அன்றைய இலக்கைத் தாங்களே குறிக்கலாம். எட்டினால் வழக்கமான கூலிதான், ஒரு பைசா கூடுதல் கிடையாது. எட்டாவிட்டால் பாதிக் கூலி. லாபமே இல்லாத, நஷ்டம் மட்டுமே வரக்கூடிய இந்த ஒப்பந்தத்தை, வாய்ப்புக் கிடைத்த நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஊழியர்கள் தாமாகவே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்க முடிந்ததால் அவர்கள் உற்பத்தியும் வருமானமும் கூடின. தங்கள் மனம் நாளை வழுக்கும் என்பது அவர்களுக்கு இன்றே தெரிந்திருந்தது. அதற்கு ஒரு முட்டுக்கட்டை தேவைப்பட்டது.

கல்லூரி மாணவர்கள் கூலியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ‘வெள்ளிக்கிழமை லன்ச் பிரேக்ல என்கிட்ட மூணாவது யூனிட்ல கேள்வி கேளுடி’ என்று தோழியிடம் சொல்லிவைப்பதே பெரிய கட்டு. ராமானுஜர் கூட்டத்தின் நடுவே வாக்குக் கொடுத்ததிலும் இந்தக் கட்டு இருக்கிறது.

அவர் கதையில் இதைவிட அழகான ஒரு செய்தி ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட விதம். போதாயனர் எழுதிய பழைய உரையைத் தேடிக் காஷ்மீர் வரை போனதாகவும், கிடைத்த ஏட்டை அங்கிருந்தவர்கள் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாகவும் குருபரம்பரை சொல்கிறது. உடன் போயிருந்த கூரத்தாழ்வான், காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள கூரத்துக்காரர், இரவுகளில் விழித்துப் படித்து அதை ஏற்கெனவே மனத்தில் ஏற்றிவிட்டிருந்தார். பிறகு ராமானுஜர் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். ஒரு நிபந்தனை இருந்தது: சொல்வது சரியாகப் படாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். ஓரிடத்தில் கூரத்தாழ்வான் எழுத்தாணியைக் கீழே வைத்தார். குருவுக்குக் கோபம் வந்தது, சீடர் அசையவில்லை. யோசித்துப் பார்த்த ராமானுஜர் தன் கூற்றைத் திருத்திக்கொண்டார் என்று கதை முடிகிறது.

கீழே வைத்த அந்த எழுத்தாணி, குருவுக்கு உடனே திரும்பி வந்த தகவல். லாக்கும் லேதமும் 2002-இல் தங்கள் 35 ஆண்டு ஆய்வைத் தொகுத்து எழுதியபோது, இலக்கு வேலை செய்ய வேண்டுமானால் எங்கே நிற்கிறோம் என்ற தகவல் இடையிடையே திரும்பி வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்கள். படிப்பில் அந்தத் தகவல் கிடைக்கும் மலிவான வழி, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியது இது. ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் இருந்தது 42 சதவீதம். ஒரு முறை படித்து, ஒரு முறை வெறுந்தாளில் எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 சதவீதம். மறுபடி மறுபடி படிப்பது மனத்துக்குத் தெம்பாக இருக்கும். ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றும். எழுதிப் பார்ப்பது சங்கடம். எது தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அந்தச் சங்கடத்தில்தான் படிப்பு நடக்கிறது.

இலக்குகள் ஒன்றோடொன்று மோதும் கதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றவற்றில் கவனம் செல்லாததால் அதை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அன்றைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் தேறவில்லை. அவரிடம் இலக்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? கல்லூரி வைத்த இலக்கும் அவர் வைத்த இலக்கும் வேறாக இருந்தன. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அமைப்பு தன் விதியை ஒருமுறை வளைத்துக்கொண்டதால் அவர் பிழைத்தார். அவரைக் காட்டி ‘மற்ற பாடத்தை விடலாம்’ என்பது தவறு. படிப்புக்கு வெளியே உண்மையான ஈடுபாடு உள்ள பிள்ளை, அரியர் விழாமல் இருக்கக் குறைந்தபட்சம் எது தேவை என்பதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கை ராமானுஜனுக்குப் போட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

உடற்பயிற்சி, ஆங்கிலச் செய்தித்தாள் வாசிப்பு மாதிரியான சொந்த இலக்குகளுக்கு ஒரே ஒரு செய்தி. ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்பதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இலக்கு வைக்கும் பயிற்சியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2010-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிப்பில் தடுமாறிய 85 மாணவர்களிடம் நடந்த சோதனையில், விரிவாக இலக்கு எழுதியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. அதை நம்பி டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் சுமார் 1,500 முதலாண்டு மாணவர்களிடம் இணையம் வழியாக இலக்குப் பயிற்சி நடத்தி, நினைவூட்டல் செய்திகளும் அனுப்பிப் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவு: மதிப்பெண்ணிலும் படிப்பைத் தொடர்வதிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. தாளில் எழுத வைப்பது எளிது. எழுதியபடி நடக்க மாணவருக்கு நேரமும் தெம்பும் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசு இல்லாத நேரத்தில் ஒரு தடவை, அறுவடைக்குப் பின் ஒரு தடவை என்று அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை. காசு இல்லாத நேரத்தில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. இந்த ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆள் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. பணக்கவலை கவனத்தைத் தின்றிருக்கிறது. தறியை நம்பியோ கூலியை நம்பியோ இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தேர்வுக் கட்டண நாள் என்ன செய்யும் என்பதை இதை வைத்து ஊகிக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் கிடைக்கும் 1,000 ரூபாயை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள் அந்தக் கரும்பு ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

தூக்கம் பற்றியும் சென்னையில் ஓர் ஆய்வு உண்டு. குறைந்த வருமானம் உள்ள 452 பேர் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். சத்தம், வெக்கை, கொசு எல்லாம் எழுப்பிவிடும் துண்டு துண்டான தூக்கம். கண் மறைப்பு, காது அடைப்பான் எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரை மணி அளவுக்குக் கூட்டியும் வேலைத்திறன் உயரவில்லை. பகலில் வேலை இடத்திலேயே ஒரு குட்டித் தூக்கம் போட இடம் கொடுத்தபோது வேலையும் மனநிலையும் மேம்பட்டன. 2021-இல் வெளியான முடிவு. ராத்திரி கண் விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசும் விடுதிகளுக்கு இது சேர வேண்டிய செய்தி. மதிய உணவு இடைவேளையில் பெஞ்சில் தலை சாய்க்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பும் ஆசிரியர்களுக்கும்தான்.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதமாக இருந்தது. இந்தியச் சராசரி 28.4. வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்த பெருமை மாநிலத்துக்கு உண்டு. உள்ளே வந்தவர்கள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடுதான் இனி வேண்டும். முதல் இன்டர்னல் விடைத்தாள், இரண்டாவது இன்டர்னலுக்கு முந்தைய நாள் கைக்கு வந்தால் அதிலிருந்து எதையும் திருத்திக்கொள்ள முடியாது. எழுதிய ஒரு வாரத்துக்குள், எந்தக் கேள்வியில் எது விடுபட்டது என்ற இரண்டு வரிக் குறிப்போடு அது திரும்பி வந்தால், அறிமுக வகுப்பில் வாங்கிக் கோப்பில் போட்ட அத்தனை தாள்களையும்விட அது அந்த மாணவிக்கு உதவும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. துறைக்கூட்டத்தில் ஒரு தேதியை முடிவு செய்து, அதைத் தேர்வு அட்டவணையின் கீழேயே அச்சிட்டு ஒட்ட வேண்டும்.